அரை மணி நேர வெயில்

பதினொன்றரைக்கெல்லாம் வெயில் கண்ணாடிக்கு வந்துவிடும்.

அவள் கடையின் பட்டுப் பிரிவை விட்டு நகர்ந்து, சேலை கட்டிய பொம்மைகளுக்கு நடுவே போய் நின்றாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். வயிற்றை வெயிலுக்குத் திருப்பினாள்.

கதகதவென்றிருந்தது.

“நல்லா வாங்கிக்க,” என்றாள், வயிற்றுக்கு மட்டும் கேட்கும்படி.

ஏழாம் மாதம்.

முதல் பிள்ளை பதினாறு நாள் இருந்தான். வெட்டு வலிப்பு வந்தது. போய்விட்டான்.

சுண்ணாம்புச் சத்தே இல்லை என்றார் டாக்டர். தாய்க்கு வைட்டமின் டி இருந்தால்தானே பிள்ளைக்கு. உன் மேல் வெயிலே படாதா என்று கேட்டார்.

என்ன சொல்வாள்? ஜவுளிக்கடைக்குப் பின்னாலேயே ஊழியர் குடியிருப்பு. இடையில் தகரக் கூரை போட்ட சந்து. காலையில் நுழைந்தால் கடை சாத்தும்வரை வெளியே விடமாட்டார்கள். மொட்டைமாடிக்குப் பூட்டு.

இந்த முறை நாலாம் மாதமே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் டி ஒன்பது. குறைந்தது முப்பது இருக்க வேண்டுமாம்.

“தினம் அரை மணி நேரம் வெயில்ல நில்லும்மா. அதைவிட மருந்து கிடையாது,” என்றாள் நர்ஸ் அமலோற்பவம்.

அவள் அழுதுகொண்டே தளப் பொறுப்பாளர் ஜெயசீலனிடம் போய் நின்றாள். அவர் மேனேஜரிடம் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். வெளியே விட முடியாது, மூன்றாம் மாடிக் கண்ணாடி ஓரம் வேண்டுமானால் நிற்கட்டும் என்று அனுமதி வாங்கி வந்தார்.

மூன்று மாதம். ஒரு நாள் தவறவில்லை. வானம் மூடாக்கு போட்ட நாளிலும் நின்றாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை முடிவு வந்தது.

ஏழு.

“வெயில்ல நின்னியா இல்லியா?”

“தினம் நின்னேன்க்கா. கண்ணாடி ஓரமா.”

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

“கண்ணாடிக்குள்ள சூடுதான் புள்ள வரும். அந்தச் சத்து வராது. யாரும் சொல்லலியா உனக்கு?”

கேட்ட பிறகு நர்ஸே தலையைக் குனிந்துகொண்டாள். வைட்டமின் பவுடர் எழுதித் தந்தாள். இனிமேல் எவ்வளவு ஏறும் என்று அவள் கேட்டாள்.

“திறந்த வெளியில நில்லு. எப்படியாவது நில்லு.”

கடையில் வாங்கி வந்த பெர்மிஷன் முடிய இருபது நிமிடம் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில், தலையில் முந்தானை போடாமல், நடு வெயிலில் நின்றாள். போகிறவர்கள் பார்த்தார்கள்.

திரும்பும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெளிய விடுங்க சார். அரை மணி நேரம் சார். தெருவுல நின்னுட்டு வந்துடறேன் சார்.

மூன்றாம் மாடி ஏறினாள்.

கண்ணாடியை ஒட்டி இருந்த பொம்மைகளைக் காணோம். அந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. விற்கிற பெண்கள் உட்கார அந்தக் கடையில் நாற்காலி போட்டு இந்த ஆறு வருடத்தில் அவள் பார்த்ததில்லை.

பக்கத்தில் ஜெயசீலன், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

“மேனேஜர் கத்துனார். கத்தட்டும். நிக்காத, உக்காரு. இப்ப நல்லா வெயில் படுதாம்மா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“படுது சார்.”

உட்கார்ந்தாள்.