ஒரே ஒரு வாசகர்

"நூறு அத்தியாயம் எழுதிட்டே. கடைசியில கிடைச்சது ஒரே ஒரு ஆள். அதுவும் அரைக்கிறுக்கு!" என்றார் அண்ணன், சாவி வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு.

தங்கை கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, போனில் தன் தொடர்கதையின் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையாளர்கள் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் சொந்தக்காரர்கள்; படித்தார்களா, சும்மா திறந்து மூடினார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். கதைக்கு அடியில், 'பிடித்திருந்தால் அன்பளிப்பு தாருங்கள்' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தாள். இரண்டு வருடங்களில் அதை அழுத்தியது அந்த ஒன்பதாவது ஆள் மட்டும்தான்.

"நான் அன்னைக்கே சொன்னேன், கதைக்குப் பூட்டு போடுன்னு."

இருபது வருடமாகப் பூட்டுக்கடை வைத்திருப்பவருக்கு உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அது ஒன்றுதான் மருந்து.

"மாசச் சந்தா கட்டினாத்தான் திறக்கும்னு வை. சும்மா கிடைக்கிறதை எவன் மதிப்பான்?"

"காசு இல்லாதவங்களும் படிக்கட்டுமே அண்ணா. இருக்கிறவங்க, பிடிச்சிருந்தா கொடுக்கட்டும்."

"கொடுத்துட்டாங்களே, அள்ளி அள்ளி! ஒரு வாரம் நானூத்திப் பதிமூணு, அடுத்த வாரம் அறுபத்தேழு. இது என்ன கணக்கு? உண்டியலை உடைச்சுக் கொட்டறாங்களா?"

அவளுக்கே அது புரியாத விஷயம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் தவறாமல் ஒரு தொகை வரும். கூடவே மூச்சு விடாமல் நாலைந்து வரிகள் வரும்.

அண்ணன் போனைப் பிடுங்கி உரக்கப் படித்தார். "'அந்த மாமியாரைச் சும்மா விடாதீங்க, வெளுத்து வாங்குங்க.' அதுக்குக் கீழேயே, 'மாமியார் பாவம், அவங்க பக்கத்து நியாயத்தையும் எழுதுங்க.' அப்புறம், 'இந்த மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம்.' அடுத்த வரியில, 'எப்ப கல்யாணம்?' ஒரே ஆளு, ஒரே நிமிஷத்துல! மரை கழண்ட கேஸு."

"மரை கழண்டதோ என்னவோ, நூறு வாரமும் என்கூட வந்தது அந்த ஒருத்தர்தான்." அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

நூறாவது அத்தியாயத்துக்குள் இரண்டாவதாக ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்தாவிட்டால், எழுத்தை மூட்டை கட்டிவிட்டு, அண்ணன் திறக்கப்போகும் புதுக்கடையைப் பார்த்துக்கொள்வதாக அவளே வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று வெள்ளிக்கிழமை; காலையிலேயே நூறாவதைப் போட்டாகிவிட்டது. கதாநாயகி கப்பலில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நிற்கிறாள். அதற்குக் கீழே 'கதை இத்துடன் நிற்கிறது, மன்னிக்கவும்' என்றும் தட்டிவிட்டாள். எழுதாமல் இனி எப்படி நாள் போகும் என்று பயமாகவே இருந்தது.

அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, கண்ணைத் துடை. புதுக்கடையில உனக்குச் சுத்துற நாற்காலி வாங்கித் தரேன்."

"எனக்கு நாற்காலி ஒண்ணும் வேண்டாம். அவங்க என்னைத் திட்டியாவது ரெண்டு வரி எழுதியிருக்கலாம். மணி நாலாச்சு, இன்னைக்கு ஒண்ணுமே வரலை."

அப்போது கடைத் தொலைபேசி அடித்தது. 'சாவி தொலைந்துவிட்டதா? அணுகவும்' என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கு அடியிலும் அந்த எண்ணைப் போடவைத்தவர் அண்ணன்தான். அதைப் பார்த்து இதுவரை ஈ, காக்கை கூட அணுகியதில்லை. கையெல்லாம் இரும்புத்தூள் என்பதால் முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"பூட்டுக்கடை. சொல்லுங்க."

"சார், கதை எழுதறவங்க இருக்காங்களா? நான் காலுறை கம்பெனியில பேக்கிங் மேனேஜர் பேசறேன்." பதறிப்போன குரல். "தயவு செஞ்சு கதையை நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க சார்."

"ஓ, அந்த ஆள் நீங்கதானா?"

"நான் இல்லை சார், எங்க சூப்பர்வைசரம்மா. மத்தியானம் அந்தக் கடைசி வரியைப் படிச்சாங்க. அதோட வேலை நின்னுபோச்சு. லாரி வாசல்ல நிக்குது. ஒரு ஜோடி காலுறை கூட வெளியே வரலை."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு அம்மா கோவிச்சுக்கிட்டா கம்பெனியே நின்னுடுமா? அவ்வளவு ஆசைன்னா மாசச் சந்தா கட்டச் சொல்லுங்க, மேலே எழுதச் சொல்றேன்."

"ஐயோ, சந்தான்னு வாயைத் திறந்துடாதீங்க சார்! இங்க ஒரு வாரம் வேலை இருக்கும், ஒரு வாரம் இருக்காது. வெள்ளிக்கிழமை டப்பா சுத்தி வரும்போது அவங்கவங்க கையில இருக்கிறதைப் போடறாங்க. நானும்தான் போடறேன்."

தங்கை ஸ்டூலை விட்டு எழுந்தாள். "அவங்கவங்கன்னா... யாரு சார்?"

"அம்மா, நீங்கதானா? நல்லாயிருப்பீங்க! சூப்பர்வைசரம்மா மைக்கைப் பிடிச்சுப் படிக்கிறவங்க மட்டும்தாம்மா. ஆளுக்கொண்ணு கத்துறதை அப்படியே டைப் அடிச்சு உங்களுக்கு அனுப்புவாங்க," என்றவர் மூச்சு வாங்கினார். "காலுறையை ஜோடி சேர்த்துக்கிட்டே கேக்கறது முன்னூத்திப் பன்னிரண்டு பேரு. அத்தனை பேரும் இப்போ கையைக் கட்டிக்கிட்டு என்னைச் சுத்தி நிக்கிறாங்க!"

"எழுதுங்கக்கா!" என்று ஸ்பீக்கரில் ஒரு கூடமே சேர்ந்து கத்தியதில், தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று கடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.