இனியவன் பூட்டிய கடிதம்

“இந்த ஃபைலுக்குப் பேரு ‘அப்பா’ன்னு போட்டிருக்கு. அப்ப எனக்குத்தானே எழுதியிருக்கான்? எனக்கு எழுதினத எனக்கே பூட்டி வைப்பானா ஒருத்தன்?”

கலியபெருமாள் மேசையை ஓங்கித் தட்டினார். கீபோர்டு ஒருதரம் துள்ளி அடங்கியது.

மகன் இனியவன் காலாப்பட்டுக்குப் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்து நாற்பது நாளாகிறது. கம்ப்யூட்டர் தெரிந்த ஒருத்தரை அனுப்பச் சொல்லி அவன் ஆபீசுக்கு நாலு தரம் போன் போட்ட பிறகு, இன்றுதான் இந்தப் பெண் மூலக்குளம் வீட்டைத் தேடி வந்திருந்தாள். அவன் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“விபத்துக்கு மொத நாள் சாயங்காலம் எழுதியிருக்காருங்க ஐயா.”

“ஆறு மாசமா என்கிட்ட பேசாதவன், கடைசியா என்னதான் எழுதினான்னு நான் தெரிஞ்சிக்க வேணாமா? தொறம்மா.”

“இதுக்கு ரெண்டு சாவிங்க. ஒண்ணு பூட்ட மட்டும்தான். அத யாருக்கு வேணா கொடுக்கலாம். தொறக்கிற சாவி வேற. அது ஒருத்தர்கிட்டதான் இருக்கும். பூட்டினவரே நெனச்சாலும் தொறக்க முடியாது.”

“நல்லா இருக்கே நாயம். மில்லு ஸ்டோர் சாவி இருபத்தேழு வருசம் என் இடுப்புல தொங்குச்சு. ஒரு போல்ட்டு காணாமப் போனதில்ல. எனக்கே சாவி பாடம் நடத்துறியா? ஒடைச்சுத் தொற.”

“ஒடைக்க முடியாதுங்க. அதுக்குத்தான் இந்தப் பூட்டு.”

அவள் இன்னொரு வரி தட்டினாள். பதிலுக்குத் திரையில் சில வரிகள் விழுந்தன. அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

“என்னம்மா சொல்லுது?”

“யாரோட சாவி வேணும்னு பேரு காட்டுதுங்க.”

“சொல்லு. இப்பவே போய் வாங்கிட்டு வரேன்.”

“கார்குழலி.”

கலியபெருமாளுக்கு முகம் கறுத்தது.

“அவளா? வைத்திக்குப்பத்துல மீன் விக்கிற வூட்டுப் பொண்ணு. கட்டுனா அவளத்தான் கட்டுவேன்னு போட்டோவ நீட்டினான். மூஞ்சியக்கூடப் பாக்கல, கிழிச்சுப் போட்டேன். அன்னிக்குப் பேச்ச நிறுத்தினவன்தான். இப்ப எம்புள்ள எழுத்துக்கு அவ காவலா? பெத்தவன் நான் அவகிட்ட கையேந்தணுமா? இந்தப் பொட்டியக் கொண்டுபோயி கடல்ல போட்டாலும் போடுவேன், அவ வாசல்ல நிக்க மாட்டேன்.”

“கேட்டா கொடுக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறீங்களா?”

“எப்படிக் கொடுப்பா?” அவர் குரல் சட்டென்று இறங்கியது. “சாவுக்கு வந்தவளத் தெருமுனையிலேயே மறிச்சுத் திருப்பி அனுப்பச் சொன்னவன் நான். கடைசியா மொகத்தக்கூடப் பாக்க விடல. எனக்கு எதுக்கு அவ கொடுக்கணும்?”

அந்தப் பெண் தன் பையைத் திறந்தாள். அதிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினாள். கீபோர்டைப் பார்க்காமலே நீளமாக ஒரு கடவுச்சொல்லைத் தட்டினாள். கறுப்புத் திரை நிறையத் தமிழ் எழுத்துகள் விரிந்தன.

கலியபெருமாள் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

கார்குழலி எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உங்களுக்கு எழுதினதுதான் மாமா. கோவத்துல எதாவது தப்பா எழுதிட்டேனான்னு என்னை ஒருதரம் பாக்கச் சொல்லி மேல மொத வரியில போட்டு, எனக்குப் பூட்டி வச்சிருக்காரு. அதுக்குக் கீழ நான் இன்னும் படிக்கல, மொதல்ல நீங்க படிங்க.”