தனிமைக்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டி

இத்தாலியின் பலெர்மோ பட்டினம் கீழே வெயிலில் கிடக்க, பெல்லெக்ரீனோ மலையில் ஒரு பைன் மரத்தடியில் சுதாஜினியின் எசமானி சிஞ்ஞோரா தனித்து வாழ்கிறா. இன்று மூன்றாம் நாள். இயற்கையோடு ஒன்ற வேண்டுமாம், செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறா. இரவானால் மட்டும் கார் வந்து அவவை வீட்டு மெத்தைக்கு ஏற்றிப் போகும். வீட்டு வேலை செய்யும் சுதாஜினி பஸ்ஸில் வந்து, கடைசி வளைவிலிருந்து மூச்சிரைக்க ஏறி, சாப்பாட்டுப் பெட்டியைக் கல்லில் வைக்கிறாள். பாஸ்தாவின் சூட்டில் மூடி வியர்த்திருக்கிறது. "கதைக்காதே, என்ரை தனிமை கலையும்," என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு, மண் ஒட்டிய கால்களை நீட்டுகிறா சிஞ்ஞோரா. சுதாஜினி ஈரத்துணியால் ஒரு காலைத் துடைக்கிறாள். சிஞ்ஞோராவின் மடியில் கிடக்கும், அவ எழுதி வரும் கொப்பியின் தாள் காற்றில் புரள்கிறது. பன்னிரண்டு வருசமாய் அந்த வீட்டில் நிற்பவளுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியும் என்று சிஞ்ஞோரா ஒருநாளும் நினைத்ததில்லை. 'எனக்கு வேண்டியதை எல்லாம் இந்த மலையே தருகிறது. மனிதர் எவரும் தேவையில்லை.'

சுதாஜினி மற்றக் காலைத் துடைக்காமலே எழும்புகிறாள். பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறாள். வளைவு தாண்டியதும் புருசன் ஜெயரூபனுக்குப் போன் எடுக்கிறாள்.

"இஞ்சாருங்கோ, மத்தியானம் சமைக்காதேங்கோ. சாப்பாடு கொண்டு வாறன்."