நாலாவது கும்மட்டம்

விடிந்ததும் வந்து பார்த்தால் மூன்றாவது கும்மட்டமும் விழுந்துகிடந்தது. தீர்த்தகிரி மேஸ்திரி அந்தக் கல் குவியலைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இருவது வருஷம் கட்டின கை. இதுக்கு என்னா வந்துச்சு?"

பக்கத்தில் சாந்துச் சட்டியோடு நின்ற அவன் மனைவி கெம்பம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓசூரில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன பங்களாவைப் புளி மண்டிக்காரர் சென்றாயன் வாங்கியிருந்தார். பெங்களூரில் யார் வீட்டிலோ பார்த்துவிட்டு வந்த ஆசை அவருக்கு. தோட்டத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து குளிர் காய ஒரு கணப்பு. அதன் மேலேயே, கவிழ்த்த சட்டி போல் கும்மட்டம் வைத்த ரொட்டி அடுப்பு. தக்காளியும் பாலாடைக்கட்டியும் பரப்பி இத்தாலிக்காரர்கள் சுடும் பீட்சா என்ற ரொட்டியைத் தை மாதம் வரும் விருந்தாளிகளுக்குச் சுட்டுப் போட வேண்டுமாம்.

ஊரில் இரண்டு வருஷமாக மழை இல்லை. ஏரிகள் வெடித்துக் கிடந்தன. இந்த வேலை ஒன்றை நம்பித்தான் உத்தனப்பள்ளியிலிருந்து பதினோரு பேர் வந்து, தோட்டத்துக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். மத்தியானம் ஆளுக்கு இரண்டு உருண்டை களி. சாயங்காலம் ஒரு படி கேழ்வரகு.

"கொஞ்சம் மெதுவாக் கட்டேன் மாமா. முடிஞ்சிட்டா அப்புறம் எங்க போறது?" என்று கெம்பம்மா முதல் வாரமே கேட்டாள்.

"பட்டினி கெடந்தாலும் வேலைல பொய் பண்ண மாட்டேன் கெம்பி. அந்தப் பேச்சை விட்டுடு."

இப்போது சென்றாயன் செருப்புச் சத்தத்தோடு வந்து நின்றார்.

"ஒரு அடுப்பு கட்டத் தெரியல, நீயெல்லாம் மேஸ்திரியா? எல்லாரும் கெளம்புங்க. பெங்களூர்லேர்ந்து ஆள் கொண்டாறேன்."

தீர்த்தகிரி அவர் காலில் விழுந்தான். "சாமி, இன்னும் ஒரே ஒரு தடவ. பதினோரு வயிறு சாமி."

பங்களாக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி நாராயணம்மாவின் குரல் வந்தது. "ஆள மாத்தினா மட்டும் நிக்குமா? அடுப்பு அக்கினி மூலைல இல்ல, அதான் விழுது. அடியோட பேத்துட்டு, கடைக்கால்லேர்ந்து அந்த மூலைல இவனே கட்டட்டும்."

சென்றாயன் முணுமுணுத்தார். "இதான் கடைசி" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

கற்களைப் பொறுக்கும்போதுதான் தீர்த்தகிரி அதைக் கவனித்தான். கும்மட்டம் தானாகச் சரிந்திருந்தால் கற்கள் உள்ளேதான் விழுந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் வெளியே சிதறிக் கிடந்தன.

யாரோ நெம்பித் தள்ளியிருக்கிறார்கள்.

அவன் கெம்பம்மாவைப் பார்த்தான். அவள் குனிந்த தலை நிமிராமல் கல் சுமந்துகொண்டிருந்தாள். முதல் வாரம் அவள் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்த இரண்டு வாரம் பேய் பிடித்தவன் போல் வேலை செய்தான். கடைக்கால் எடுத்து, கணப்பு எழுப்பி, மேலே ஈரமணலைக் குவித்து அதன்மேல் கல் வளைத்தான். சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறு விட்டு இழைத்தான். மணலை வாரி எடுத்த பிறகும் நாலாவது கும்மட்டம் ஒரு விரிசல் இல்லாமல் எழுந்து நின்றது. அன்று அவன் களியைத் தொடவில்லை.

மறுநாள் விடியற்காலையில் விழித்தபோது கெம்பம்மா பாயில் இல்லை.

தீர்த்தகிரி ஓடினான். மூடுபனியில் முதலில் சத்தம்தான் கேட்டது. ணங். ணங். முக்காடு போட்ட ஒரு பெண் கடப்பாரையால் கும்மட்டத்தைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"பாவி!" பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "என் மானத்த வாங்கிட்டியேடி! சோத்துக்காக என் கையவே முடமாக்கிட்டியே!"

"யாரப் புடிச்சிட்டிருக்க மாமா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு கெம்பம்மா நின்றாள். தொலைவுக் கிணற்றுக்குப் போய்வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

அவன் கையை உதறி விட்டான். முக்காடு சரிந்தது. நாராயணம்மா.

"அம்மா… நீங்களா?" அவன் கடப்பாரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "நாங்க என்னம்மா தப்பு பண்ணோம்? எங்க சோத்துல ஏம்மா மண்ணப் போடறீங்க?"

"கத்தாதப்பா, அவரு எந்திரிச்சிடுவாரு." நாராயணம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உள்ளங்கைகளில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் கசிந்திருந்தது. "இந்த அடுப்பு முடிஞ்ச அன்னிக்கே கேழ்வரகு கொட்டி வச்சிருக்கற குதிர் அறையப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிப்பாரு. அப்புறம் உங்க பதினோரு பேருக்கும் யாரு களி போடறது? வேலைன்னு ஒண்ணு நடந்தாத்தான் என் கையால ஒரு படி அளக்க முடியுது."

கெம்பம்மா குடத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"அவர நான் சமாளிச்சுக்கறேன். இன்னும் எத்தனையோ மூலை இருக்கு" என்ற நாராயணம்மா, கும்மட்டத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கல் கூட அசைந்திருக்கவில்லை. கடப்பாரையை அவனிடம் நீட்டினாள்.

"இந்தா மேஸ்திரி, நீயே இடி. இந்தத் தடவ என்னால முடியல."