உடையாத தேங்காய்

“அவன் காலை உடைக்கலேன்னா நான் ஸ்ரீனிவாசன் இல்லை!”

தியேட்டர் படியிறங்கும்போதே கத்தினார்.

“மெதுவாப் பேசுங்கோன்னா. நாலு பேர் பார்க்கறா,” என்றாள் மனைவி சூடாமணி.

“பார்க்கட்டுமே! இத்தனை நேரம் திரையிலே பார்த்தாச்சு, இனி என்ன?”

பின்னால் வந்த மகள் விஷ்ணுப்ரியா ஆட்டோ தேடினாள்.

எதிர்வீட்டுக் கைலாஷ் எடுத்த முதல் படம். கரமனையில் அவர்கள் தெருவே திரண்டு வந்திருந்தது.

படத்தில் ஒரு திக்குவாய்ப் பையன். ப்ளஸ் டூ படிக்கிறான். கால் வளர்ந்த வேகத்துக்குப் பேன்ட் வளரவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் மனதைச் சொல்லத் தைரியம் கேட்டு, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொள்கிறான். ஓங்கி எறிகிறான். தேங்காய் உடையாமல் எகிறி, உருண்டு, அங்கே கும்பிட வந்திருந்த அதே பெண்ணின் காலடியில் போய் நிற்கிறது.

தியேட்டர் குலுங்கிச் சிரித்தது.

பையன் குனிந்து தேங்காயை எடுத்துக்கொண்டு, “நா... நா...” என்று தொடங்குகிறான்.

அவள் சொல்கிறாள்: “முதல்ல உன் பேரைத் திக்காம சொல்லு. மத்ததை அப்புறம் பார்க்கலாம்.”

சிரிப்பு நின்றுபோனது. “அய்யே! எந்தொரு பெண்ணா இது!” என்று முன்வரிசை அம்மாள் ஒருத்தி மலையாளத்தில் பொருமினாள்.

அந்தத் தேங்காய் உருண்ட கதை தெருவுக்கே தெரியும். எல்லாத் தலைகளும் விஷ்ணுப்ரியா பக்கம் திரும்பின.

“திக்கற குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கறா என் பொண்ணு,” என்று ஆட்டோவிலும் பொருமினார் ஸ்ரீனிவாசன். “இதைப் பார்த்தப்புறம் எந்தத் தாயார் அவகிட்டே குழந்தையைக் கூட்டிண்டு வருவா? பெண்பிள்ளை மேலே பழியைப் போட்டுக் கைத்தட்டல் வாங்கறான், படவா!”

“அப்பா, விட்டுடுங்கோ.”

“நீ சும்மா இரு!”

ஆட்டோ நின்றதும் நேரே எதிர்வீட்டுக்குள் நுழைந்தார். தெருக்காரர்களோடு உட்கார்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்த கைலாஷ், பதறி எழுந்தான்.

“வா... வாங்கோ மாமா.”

“வரவேற்பெல்லாம் இருக்கட்டும். நோக்கு மனசாட்சி இருக்காடா?”

“மா... மாமா, அது வெறும் க... கதை...”

“கதையா? அந்தத் தேங்காய் கதையா? அன்னிக்குப் பழவங்காடியிலே நானும்தானே நின்னேன்! பக்கத்திலேயே நின்னேன்! என் பொண்ணு தலையைக் குனிஞ்சுண்டு நின்னா. ஒரு வார்த்தை பேசலை. பகவானுக்கு முன்னாடி சத்தியம் பண்ணுவேன். அவ வாயே திறக்கலைடா!”

கைலாஷ் தரையைப் பார்த்தான்.

“சொல்லேன்! பேசாத பொண்ணைப் பேசினதா ஏன் காட்டினே?”

“அப்பா சொல்றது சரிதான்,” என்றாள் விஷ்ணுப்ரியா. அவர் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றிருந்தாள். “நான் வாயே திறக்கலை.”

“கேட்டியா? அவளே சொல்றா!”

“ஆனா அந்த வார்த்தையை அன்னிக்கு ஒருத்தர் சொன்னாரே அப்பா. சுத்தி நின்னவா எல்லாம் சிரிச்சாளே.”

ஸ்ரீனிவாசனின் நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது.

“படத்திலே அந்தப் பொண்ணுக்கு அப்பாவே கிடையாது. கவனிச்சேளா?” அவள் குரல் உயரவில்லை. “முதல்ல எழுதினதுலே இருந்தார். அவரை எடுத்துடுன்னு நான்தான் கெஞ்சினேன். அந்த வசனம் இல்லாம கதையே இல்லைன்னான் கைலாஷ். அப்போ என் வாயிலே போட்டுக்கோன்னேன். இவன் ஒத்துக்கவே இல்லை. நான்தான் விடலை.”

ஸ்ரீனிவாசன் மகளைப் பார்த்தார். கைலாஷைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“நா... நா...”

அதற்கு மேல் வரவில்லை.

கைலாஷ் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டான்.

“அ... அவசரமில்லை மாமா. மெதுவா சொல்லுங்கோ.”