கோடு விழுந்த வீடு

"தம்பி, நீங்க போட்டிருக்கிற கோடு எங்க வீட்டு மேலதான் போகுதாமே. நிசமா?"

வந்ததும் வராததுமாகப் பொன்னம்மா கேட்டாள். சேதுராமன் வரைபலகையிலிருந்து நிமிர்ந்தான். போன வாரம்தான் அளவு நாடாவோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தான். வாசலில் நாற்காலி போட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் நல்லையா, நாடாவின் நுனியைப் பிடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"உட்காருங்கம்மா. உங்களுக்கு யார் சொன்னது?"

"உங்க அக்கா கோகிலாதான். நம்ம காஜா பேராங் முழுக்க இதே பேச்சு. சுதந்திரம் கிடைச்சாச்சு, பெரிய ரோடு வரப் போகுது, தம்பி ஆஸ்திரேலியாவில இருந்து அதுக்குத்தான் வந்திருக்காருன்னு சொல்றாங்க."

சேதுராமன் சிரித்துக்கொண்டான். அவன் சிட்னியில் நகரமைப்பில் மேற்பட்டம் படிக்கிறவன். பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். சொந்த ஊரில் ஒரு பகுதியை எடுத்துத் திருத்தி அமைத்துக் காட்டு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவன் எடுத்தது தான் வளர்ந்த காஜா பேராங்கை. நெருக்கியடித்து நிற்கும் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகளுக்கு நடுவே, ஜாலான் பெண்டஹாரா என்ற பெரிய தெருவில் போய்ச் சேர அகலமாய், நூல் பிடித்தாற்போல ஒரு சாலை. ஆய்வேட்டின் உயிரே அந்தச் சிவப்புக் கோடுதான். அடுத்த வாரம் அவன் கப்பலேற வேண்டும்.

"ஆமாம்மா. கோடு உங்க வீட்டு வழியாத்தான் போகுது. ஆனா இது படிப்புக்காகப் போட்ட பிளான்."

"எப்ப இடிப்பாங்க?"

"இடிக்கமாட்டாங்கம்மா. இது வெறும் காகிதம்."

"படிச்சவங்க போட்ட பிளானை சர்க்கார் கேட்டு வாங்கிக்காதா?"

வேலை நன்றாக இருந்தால் ஒரு பிரதியை உங்கள் அரசாங்கத்துக்கே அனுப்பி வைக்கலாம் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அதை நினைத்து இத்தனை நாளும் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"வாங்கினாலும் வாங்கலாம்," என்றான் மெதுவாக.

பொன்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்காரரைப் பார்த்தீங்கல்ல. அவரு அந்த வாசலை விட்டு எழுந்திரிக்க மாட்டாரு, தம்பி. எங்க மூத்தவன் கருணாகரனை சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போட லாரியில ஏத்திக்கிட்டுப் போனான். அன்னிக்கு உட்கார்ந்தவருதான்."

"இத்தனை வருஷமாவா?"

"மக சீதா பக்கத்து ஊரு செங்ல இருக்கா. எங்ககூட வந்துடுங்கப்பான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளும் ஓய்ஞ்சு போயிட்டா. நாம போயிட்டா பையன் வந்து எங்க தேடுவான்னு கேட்கிறாரு. பேத்திக்குக் காது குத்தினப்பகூட நான் மட்டும்தான் போனேன். போன மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்திச்சு. மேசை மேல நாற்காலியைப் போட்டு அதுல ஏறி உட்கார்ந்துக்கிட்டாரு."

சேதுராமன் வரைபடத்தைப் பார்த்தான். நேற்றுவரை அந்தச் சின்னச் சதுரம் அவனுக்கு ஒரு மனை எண். இன்று அதன் வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

கோட்டை வலப்பக்கம் வளைத்தால் யாரும் குடியில்லாத தென்னந்தோப்பு வழியே கொண்டுபோய்விடலாம். ஆனால் சாலை முறிந்த கைபோல நிற்கும். அதைச் சார்ந்த படங்களையெல்லாம் கப்பலில் உட்கார்ந்து மறுபடி வரைய வேண்டும். பேராசிரியர் ஏன் என்று கேட்டால், நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்றா சொல்வது?

ஆனாலும் அவன் பிளேடை எடுத்தான். சிவப்பு மையை மெல்லச் சுரண்டினான். தோப்பின் குறுக்கே பென்சிலால் புதுக்கோடு இழுத்தான். பொன்னம்மா எதுவும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க, தம்பி?"

"கோட்டை மாத்திட்டேன்மா. நாளைக்கே சர்க்கார் இதை வாங்கினாலும் உங்க வீட்டை யாரும் தொடமாட்டாங்க. ஐயா நிம்மதியா உட்கார்ந்திருக்கட்டும்."

அவள் கையெடுத்துக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ எழுந்து வந்து சுரண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தளர்ந்துபோய் மறுபடி உட்கார்ந்தாள்.

"கருணா வரமாட்டான், தம்பி. சண்டை முடிஞ்சு சயாம்ல இருந்து திரும்பின ஆளு ஒருத்தரு, என் கையாலதான் அவனைப் புதைச்சேன்னு என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனாரு. அதை அவருகிட்ட சொல்ல எனக்கு இன்னிவரைக்கும் வாய் வரல. வீட்டை இடிச்சிட்டாங்கன்னா, ஒண்ணும் சொல்லாமலே அவரை சீதா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடலாமேன்னு, சீக்கிரம் இடிக்கச் சொல்லிக் கேட்கத்தான் உங்களைத் தேடி வந்தேன்."