சைலன்சர் மாட்டிய நாள்

காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் சிக்கந்தரின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

காரின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஸ்டூல் இருந்தது. உட்காரவில்லை.

"இப்பதான் மனசு வந்துச்சா அண்ணாச்சி?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.



தூத்துக்குடி உப்புக்காற்று அவர் காரின் பழைய சைலன்சரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. போன ஆடியில், உப்பளத்து வேலை முடிந்து வரும் வழியில் கழன்று விழுந்துவிட்டது. வண்டி போட்ட சத்தத்தில் தெரு நாயெல்லாம் பின்னாலேயே ஓடிவந்தது.

மறுநாள் மாட்டிவிடலாம் என்றுதான் இருந்தார்.

ஆனால் அன்று வீடு வந்து சேர்ந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது.

அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள், ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி.

காது மங்கிப்போய் வெகுகாலம் ஆகிறது அவளுக்கு. காலிங்பெல் கேட்காது. குக்கர் விசில் கேட்காது. அவர் சாவி போட்டுத் திறந்து அவள் பின்னால் போய் நிற்பார். அவள் திரும்பிப் பார்த்துப் பதறுவாள். தினமும் பதறுவாள்.

அன்றைக்குப் பதறவில்லை.

"நீங்க வர்றது எனக்குக் கேட்டுச்சு," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எப்படி மாட்டுவார்?

தெரு திட்டியது. வயசான காலத்துல இந்த ஆளுக்கு ரேஸ் வண்டி கேக்குதாக்கும் என்றார்கள். எதிர்வீட்டு ரெஜினா டீச்சர் ஜன்னலை அறைந்து சாத்துவார். நீங்களும் அந்தத் தெருவில் இருந்திருந்தால் திட்டித்தான் இருப்பீர்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். அவளுக்குக் காது கேட்காது என்பதைத் தெருவுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

ஒரே ஒரு பயம் இருந்தது. இப்படி வெறும் குழாயோடு ஓட்டினால் எஞ்சின் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எஞ்சின் போனால் சத்தமும் போய்விடுமே.

சிக்கந்தர் வெளியே வந்தான். முகமெல்லாம் துரு.

"எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல அண்ணாச்சி. கல்லு மாதிரி இருக்கு. புகை உள்ள ஏறுனா ஆளுக்குத்தான் ஆபத்து. எஞ்சினுக்குப் பயந்துக்கிட்டா வந்தீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நேற்று மாலையும் அதே சத்தத்தோடுதான் வண்டி தெருமுனையில் திரும்பியது. ரெஜினா டீச்சர் ஜன்னலைச் சாத்தினார்.

வாசல் கதவு சாத்தியே இருந்தது.

வாசலில் வந்து நின்றும் அவர் எஞ்சினை அணைக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இன்னும் மிதித்தார். நாய்கள் குரைத்தன. மாடியில் யாரோ கத்தினார்கள்.

நேர் எதிரே சமையலறை ஜன்னல். அதில் அவள் முதுகு. அதற்கு அப்பால், அவள் முகத்துக்கு நேரே, வெள்ளைச் சுவர்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் ஜன்னலுக்குக் கீழேயே விழுந்து கிடந்தது.

வெகுநேரம் கழித்து அவர் இறங்கினார். சாவி போட்டுத் திறந்தார். பின்னால் போய் நின்றார்.

அவள் பதறினாள்.

புது சைலன்சர் ஏறியது. சிக்கந்தர் சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி வந்தான். வண்டி ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அவர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்க, இன்னைக்குத் தெருவே உங்களுக்கு மாலை போடும்," என்றான் சிக்கந்தர்.

அவர் வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்தார். ஹெட்லைட்டைத் தொட்டார்.

"இதக் கொஞ்சம் மேல தூக்கி வையேன்."

"எதுக்கு அண்ணாச்சி? எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசும். திட்டுவான்."

திட்டு அவருக்குப் பழக்கம்தான்.

கையைத் தன் நெஞ்சுக்கு நேராக, அந்தச் சமையலறை ஜன்னல் இருக்கும் மட்டத்தில் நீட்டிக் காட்டினார்.

"இந்த உயரத்துக்கு."